காட்டிறைச்சி விற்க லைசன் கிடைக்குமா? மலையகத்தில் இறைச்சிக் கடை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டில் பிடித்த விலங்கின் இறைச்சியைக் கடையில் வைத்து விற்க இலங்கையில் எந்த மாநகர சபையும், நகர சபையும், பிரதேச சபையும் அனுமதிப்பத்திரம் கொடுக்காது. மரை, மான், சருகுமான், அழுங்கு, உடும்பு, காட்டுக்கோழி, காட்டுப்பன்றி எதைக் கேட்டாலும் இதுதான் பதில். "கொஞ்சம் காசு கட்டுங்கள், ஆளைப் பிடித்து லைசன் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது முன்வந்தால் அவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர் தரும் காகிதம் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

இறைச்சி விற்றுப் பிழைக்க நேரான வழி மலையகத்தில் தாராளமாக இருக்கிறது. கோழி, ஆடு, பன்றி, மாடு, பண்ணையில் வளர்த்த காடை, வளர்ப்பு முயல் என்று வாடிக்கையாளர் கேட்கும் எல்லாமே விற்கலாம். அதற்கு எந்த ஆபீசில் என்ன எடுக்க வேண்டும் என்பதுதான் பலருக்குப் புதிர். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பசறை பக்கத்தில் முதல் தடவையாகக் கடை போடுகிற தம்பிமார், தங்கைமாருக்காகவும், எல்லவிலும் நுவரெலியாவிலும் நாலைந்து அறை வைத்து விருந்தினருக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

காட்டு விலங்கு: சட்டம் எங்கே நிற்கிறது

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1993இலும் 2009இலும் அதில் பெரிய திருத்தங்கள் வந்தன. முன்பு, பாதுகாக்கப்பட்ட விலங்குகளுக்கு ஒரு பட்டியல் இருந்தது. 1993க்குப் பிறகு அது மறுபக்கம் திரும்பிவிட்டது. பட்டியல் போட்டு விலக்கப்பட்டவை தவிர, பாலூட்டி, ஊர்வன, பறவை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. எனவே "இந்த விலங்கின் பெயர் பட்டியலில் இல்லையே" என்று வாதாடினால் அது உங்களுக்கு எதிராகவே முடியும்.

கொல்வது மட்டும்தான் குற்றம் என்று நினைப்பது மலையகத்தில் பரவலாக இருக்கும் தவறான எண்ணம். பாதுகாக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை வைத்திருப்பதும், கொண்டுபோவதும், விற்பதும், விற்பனைக்கு வைப்பதும் குற்றம்தான். சுட்டவர் யாரோ, நான் இரண்டு கிலோ வாங்கி பிரிட்ஜில் வைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்ப முடியாது. இறைச்சியை ஏற்றிப் போன முச்சக்கர வண்டியும் பறிமுதலாகலாம். லீசிங் காசு கட்டி முடிக்காத வண்டியைப் பறிகொடுத்த குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு மேலே கட்டி வாட்டின வத்தல், உப்புப் போட்டுத் தேனில் ஊறவைத்த துண்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். என்ன விலங்கு என்று சந்தேகம் வந்தால் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புவார்கள். மசாலா போட்டுவிட்டோம், மாட்டிறைச்சி என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

தாத்தா காலத்தில் வேட்டைக்கு லைசன் கொடுத்தார்களே என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். கொடுத்தார்கள், உண்மை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மரை வேட்டை ஒரு பொழுதுபோக்கு. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை வைத்து மரையைத் துரத்தியதைத் தானே எழுதி வைத்திருக்கிறார். அப்படி வேட்டையாடித் தீர்த்ததில் விலங்குகள் அருகிப் போனதைக் கண்டு, 1894இல் வேட்டைக்காரர்களே கூடிப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்க வேண்டி வந்தது. அன்று மரை மந்தைகளைத் துரத்திய ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. பழைய லைசனின் ஞாபகத்தை வைத்து இன்றைக்கு வியாபாரம் செய்ய முடியாது.

காட்டுப்பன்றி மட்டும் வேறா?

இங்கேதான் ஆட்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காட்டுப்பன்றி மற்ற விலங்குகளைப் போலப் பாதுகாக்கப்பட்ட வரிசையில் இல்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் நாலு பாத்தி போட்டு உருளைக்கிழங்கும் மரவள்ளியும் நடுகிற குடும்பத்தின் உழைப்பை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிற விலங்கு அது. அந்த ஆத்திரமும் நட்டமும் எனக்குத் தெரியாததல்ல. பயிரைக் காப்பாற்ற அதைக் கொல்வதற்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் கொல்வதற்கு இருக்கும் இடம் விற்பதற்கு இல்லை. வண்டியில் ஏற்றும்போதும், கூறு போட்டு விற்கும்போதும்தான் பெரும்பாலோர் பிடிபடுகிறார்கள். "பன்றி பாதுகாக்கப்பட்டது இல்லையே" என்ற ஒரு வரியை நம்பி இறைச்சியைத் தராசில் வைக்காதீர்கள். உங்கள் தோட்டத்துக்குப் பன்றி தொல்லை இருந்தால் கமநல சேவைகள் நிலையத்திலும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். எந்த முறையில் விரட்டலாம், எந்த முறை கூடாது என்பதை அங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

முறை முக்கியம். கம்பிக் கண்ணி, கட்டுத்துவக்கு, வெடிமருந்து வைத்த இரை, மெயின் கரண்டிலிருந்து நேரே இழுத்த கம்பி இவை எதையும் தொடக்கூடாது. லைசன் இல்லாத துவக்கு வைத்திருப்பது தனிக் குற்றம். கரண்ட் கம்பியில் பன்றி மட்டும் மாட்டுவதில்லை, விடிகாலையில் விறகுக்குப் போகிற பெண்ணும் மாட்டுகிறாள்.

கண்ணியைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. மலையகத்தில் கண்ணால் காணக் கிடைப்பதே அரிதான விலங்கு. மயக்க ஊசி போட்டு விடுவித்து, சிகிச்சைக்காக உடவலவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அங்கே இறந்துபோனது. கம்பி கட்டியவர் சிறுத்தையை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார், பன்றியை நினைத்துத்தான் கட்டியிருப்பார். கம்பிக்கு அது தெரியாது. தேயிலை மலைகளில் இப்படி மாட்டிச் சாகிற சிறுத்தைகள் வருடத்துக்கு வருடம் செய்தியில் வருகின்றன. அந்தக் கம்பிகளைக் கட்ட வைப்பது பயிர்ச் சேதம் மட்டுமில்லை, டவுனில் இருக்கும் விலையும்தான். ஒரு கிலோ காட்டிறைச்சிக்கு நல்ல விலை கொடுக்க ஒரு கடையோ ஹோட்டலோ தயாராக இருக்கும் வரைக்கும் யாராவது ஒருவர் மலையில் கம்பி கட்டிக்கொண்டே இருப்பார். அதனால்தான் விற்பனைப் பக்கத்தில் நிற்கும் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

கண்ணியில் உயிரோடு மாட்டிய விலங்கைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ரன்தெனிகலயில் அவர்களுடைய மிருக வைத்தியப் பிரிவு உண்டு. ஆட்கள் வரும்வரை நாய்களையும் பிள்ளைகளையும் தூர நிறுத்துவதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

இனி கடைக்கு வருவோம்.

முதலில், உங்கள் இடம் எந்தச் சபைக்குள் வருகிறது

இது சின்ன விஷயம் போலத் தெரியும். இதில்தான் பலருடைய விண்ணப்பம் மாதக்கணக்கில் அலைகிறது. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டு பெரிய பிரதேச சபைகளாக இருந்தவை, இப்போது நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்றும், அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்றும் ஆறாகப் பிரிந்திருக்கின்றன. ஹட்டன் டவுனுக்குள் என்றால் ஹட்டன்-டிக்கோயா நகர சபை. தலவாக்கலை என்றால் தலவாக்கலை-லிந்துல நகர சபை. நுவரெலியா, பண்டாரவளை, பதுளை டவுன்களுக்கு மாநகர சபை. டவுன் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை இருந்தாலும் அது பக்கத்துப் பிரதேச சபைக்குள் வரலாம். கிராம சேவகரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இடம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. டவுனில் வாடகைக்கு எடுத்தால் குத்தகை ஒப்பந்தம் போதும். தோட்டத்துக்குள் என்றால் சிக்கல் கூடும். லயத்துக்கும் அதன் வாசலுக்கும் உங்கள் பெயரில் உறுதி இருக்காது; தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் சபை விண்ணப்பத்தை எடுக்கவே தயங்கும். துரையிடம் வாயால் கேட்டு, அவர் தலையசைத்தார் என்று வேலையைத் தொடங்கிச் சிமெந்துக்கும் டைல்ஸுக்கும் காசைக் கொட்டாதீர்கள். கடிதம் கைக்கு வந்த பிறகு சுவரைத் தொடுங்கள்.

பெயரைப் பதிவது

பிரதேச செயலகத்தில், அதாவது டி.எஸ். ஆபீசில், வியாபாரப் பெயர் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் அறிக்கை, இடத்துக்கான உறுதி அல்லது ஒப்பந்தம் கேட்பார்கள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேர் கூட்டாகச் செய்தால் இரண்டு பெயரையும் போடுங்கள். அண்ணன் தம்பிதானே என்று ஒரு பெயரில் எடுத்துப் பிறகு மனக்கசப்பான குடும்பங்கள் உண்டு.

பி.எச்.ஐ. ஐயா வருவதற்கு முன்பு

இறைச்சிக் கடைக்கு உயிர்நாடியான கையெழுத்து பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடையது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், எம்.ஓ.எச். ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும், அதன் கீழ்தான் இவர் வேலை செய்கிறார். உணவு கையாளும் இடங்களைப் பார்க்க அவர் கையில் எச்.800 என்ற படிவம் இருக்கும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம்தான் அவருக்குப் பின்னால் நிற்கும் பலம்.

கடையைக் கட்டி முடித்துவிட்டு அவரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். நான் சொல்வது, கட்டுவதற்கு முன்பே ஒருதரம் போய்ப் பார்த்துப் பேசுங்கள். தண்ணீர் வழிந்தோடத் தரைச் சரிவு எப்படி, கழிவு நீர் எங்கே போகிறது, சுவருக்கு எவ்வளவு உயரம் வரை டைல்ஸ், ஈ வராமல் வலையா கண்ணாடியா என்றெல்லாம் அவரே சொல்லிவிடுவார். உடைத்துத் திரும்பக் கட்டுகிற செலவு மிச்சம்.

மலையகத்துக்கே உரிய மூன்று விஷயங்களை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தண்ணீர். நம் தோட்டங்களில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர்தான் வாழ்க்கை. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், குடித்துப் பழகியும் இருப்போம். ஆனால் மேலே லயமோ மாட்டுப் பட்டியோ இருந்தால் அந்தத் தெளிவை நம்பி இறைச்சி கழுவ முடியாது. தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். தொட்டி கட்டி, குளோரின் போட்டு வைத்தால் பி.எச்.ஐ. திருப்தியாவார்.

இரண்டாவது, குளிர். "நுவரெலியாக் குளிருக்கு இறைச்சி கெடாது" என்ற பேச்சை எத்தனையோ கடைகளில் கேட்டிருக்கிறேன். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். இறைச்சியை வைக்க வேண்டியது 4 பாகைக்குக் கீழே. உறைய வைப்பதென்றால் கழித்தல் 18. நமக்கு நடுக்கமாக இருக்கும் குளிர், கிருமிக்கு நல்ல இதமான சூடு. ஆகவே பிரீசர் இல்லாமல் கடை இல்லை. தென்மேல் பருவ மழையில் மரம் விழுந்து நாள் முழுக்க கரண்ட் இல்லாமல் போகும்; அந்த நாட்களில் சரக்கைக் குறைத்து எடுப்பதும், பிரீசர் கதவைத் திறக்காமல் வைப்பதும், ஐஸ் கட்டிக்கு ஏற்பாடு செய்வதும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். ஒருதரம் உருகியதைத் திரும்ப உறைய வைத்து விற்காதீர்கள்.

மூன்றாவது, கழிவு. இரத்தம், குடல், இறகு எதையும் ஓடையில் விடாதீர்கள். நம் ஊர் ஓடைகள்தான் கீழே போய் மகாவலியும் களனியும் ஆகின்றன. அதற்கு முன்பே கீழ் லயத்துக்காரர் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார். பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், அல்லது சபையின் குப்பை வண்டியோடு ஏற்பாடு செய்யுங்கள். கழிவைத் தேயிலை ஓரத்தில் கொட்டினால் தெருநாய்கள் சேரும். நாய் சேர்கிற இடத்துக்கு இரவில் சிறுத்தை வரும். லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலை செய்பவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். தலைக்குத் தொப்பி, ஏப்ரன், வெட்டுக் காயம் இருந்தால் கையுறை. பன்றியும் மற்ற இறைச்சியும் ஒரே கடையில் விற்பதானால் கத்தி, பலகை, தராசுத் தட்டு, பிரீசர் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். நம் டவுன்களில் முஸ்லிம் மக்களும், பன்றி தொடாத, மாடு தொடாத தமிழ்க் குடும்பங்களும் ஒரே தெருவில் வாங்குகிறார்கள். அவர்கள் நம்பி வாங்க வேண்டும். எனக்குக் கேட்டால், தொடங்கும்போது பன்றியைத் தனிக் கடையாகப் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பேன்.

விற்பது மட்டுமா, அறுப்பதுமா

இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

பதனிட்டுக் குளிரூட்டிய கோழியை அனுமதி பெற்ற நிறுவனத்திடம் வாங்கி விற்பதுதான் புதியவர்களுக்கு மிக இலகு. சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், பி.எச்.ஐ. சிபாரிசு, வியாபாரப் பெயர்ப் பதிவு, அவ்வளவில் வேலை முடியும். அனுமதிப்பத்திரக் கட்டணம் கட்டடத்தின் வருட மதிப்பைப் பொறுத்துச் சபை விதிக்கும். கோழி வாங்கும் ஒவ்வொரு தடவையும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

ஆடு, மாடு, பன்றியை அறுத்து விற்பதானால் 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். நூற்றி முப்பது வருடம் பழைய சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்ததும் கையில் கிடைத்துவிடாது. அறிவித்தல் போட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். கோயிலுக்கோ விகாரைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில் இடம் பார்த்திருந்தால் ஆட்சேபம் நிச்சயம் வரும். அதை வம்பாக நினைக்காமல் இடத்தை மாற்றுவது நல்லது. மாட்டிறைச்சிக் கடைகளைப் பல சபைகள் வருடந்தோறும் கேள்விப்பத்திரம் கோரிக் குத்தகைக்கு விடுகின்றன. வருடக் கடைசியில் சபையின் அறிவித்தல் பலகையைப் பார்த்துக்கொண்டிருங்கள். தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அறுப்பது சபை அனுமதித்த கொல்களத்தில்தான். அறுப்பதற்கு முன்பு விலங்கையும், அறுத்த பிறகு இறைச்சியையும் பார்த்துச் சரி சொல்ல அதிகாரம் உள்ளவர் பார்க்க வேண்டும். மாடு என்றால் அது யாருடையது, யாரிடம் கைமாறியது என்பதற்கான பத்திரம் இல்லாமல் வாங்கவே கூடாது. கன்று, சினைப் பசு, பால் கறக்கும் பசு, எருமை விஷயத்தில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் கடுமையானது. தோட்டங்களில் மாட்டைத் திருடிக்கொண்டுபோய் விற்கிற கூட்டம் இருப்பது உங்களுக்கே தெரியும். விலை மலிவு என்று இரவில் வரும் மாட்டை வாங்கினால் பால் காசை நம்பி இருந்த ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிறீர்கள், திருட்டு வழக்கிலும் சேர்ந்துகொள்கிறீர்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் லயத்து ஆட்கள் காசு சேர்த்து ஆடு வாங்கி, கூறு போட்டுப் பங்கு பிரிக்கும் வழக்கம் நம்முடையது, நல்ல வழக்கம். அதைக் கடை வியாபாரம் போல வளர்த்து, வெளியாட்களுக்குக் கிலோக் கணக்கில் விற்கத் தொடங்கும்போது சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். ஒரு நாள்தானே என்று விடாமல் முன்னதாகவே சபையில் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

பன்றி வளர்ப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்

2024இன் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்தில்லை, பட்டியே காலியாகிவிடும். காட்டுப்பன்றிக்கும் இதே நோய் வரும் என்பதைக் கவனியுங்கள். காட்டில் செத்துக்கிடந்த பன்றியை எடுத்து வெட்டி, அதே கையோடும் அதே கத்தியோடும் வீட்டுப் பட்டிக்குப் போனால் நோயை நீங்களே தூக்கிக்கொண்டு போகிறீர்கள். ஹோட்டல் மிச்சத்தைத் தீனியாகப் போடுகிறவர்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கக்கூடும் என்பதை நினைத்துக் கட்டாயம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். முடிந்தால் அந்தத் தீனியையே விட்டுவிடுங்கள்.

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் பன்றிகளையும் இறைச்சியையும் இடம் மாற்றக் கட்டுப்பாடு விதிக்கலாம். அந்தக் கட்டுப்பாடு காலத்துக்குக் காலம் மாறும். ஒவ்வொரு தடவையும் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டு, சுகாதாரச் சான்றிதழோடு ஏற்றுங்கள். பட்டியையே நீங்கள் நடத்துவதானால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படுமா என்பதையும் சபையிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை பன்றி, கழிவு எங்கே போகிறது என்பதைப் பொறுத்து அது முடிவாகும்.

வாடிக்கையாளர் கேட்கும்போது

கடை திறந்து சில நாட்களிலேயே கொழும்பிலிருந்து வந்த யாராவது எட்டிப் பார்த்து, "தம்பி, காட்டு எறச்சி ஏதும் கிடைக்குமா?" என்று கேட்பார். "இல்லங்க, நாங்க வளர்த்த பன்றிதான் விக்கிறோம்" என்று சத்தமாகவே சொல்லுங்கள். "இப்ப இல்ல, அப்புறம் வாங்க" என்று மழுப்பினால், உங்களிடம் கிடைக்கும் என்ற பேச்சு பரவிவிடும். அதேபோல் வேட்டைக்காரர் யாராவது பின்பக்கமாக மூட்டையோடு வந்தால் கடைக்குள் இறக்க விடாதீர்கள். தெரிந்தவர், பங்காளி, சம்பந்தி என்று தயங்க வேண்டாம். வாங்காவிட்டாலும் அந்த மூட்டை உங்கள் பிரீசரில் இருக்கும் வரை அது உங்களுடையதுதான்.

விருந்தினர் இல்லம் நடத்துபவர்கள் சாப்பாட்டுப் பட்டியலில் கவர்ச்சிக்காகக் காட்டுப்பன்றி, மான் என்று எழுதிவிட்டுப் பண்ணை இறைச்சியைப் போடுவதும் உண்டு. அது இரண்டு வகையில் ஆபத்து. எழுதியது உண்மையானால் வனஜீவராசிகள் வழக்கு, பொய்யானால் வாங்குபவரை ஏமாற்றிய வழக்கு. முகநூலில் படம் போட்டால் சாட்சியை நீங்களே தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

மக்கள் தேடுகிற அந்த ருசியில் பாதிக்கு மேல் விலங்கில் இல்லை, அடுப்பில்தான் இருக்கிறது. கொழுப்புக் குறைந்த, சற்று முற்றிய நாட்டுப் பன்றியை எடுத்து, வறுத்து அரைத்த தூளும் நம் ஊர் மிளகும் தாராளமாகப் போட்டு, கொறக்காப் புளி சேர்த்து, மண்சட்டியில் விறகடுப்பில் நீர் வற்றும்வரை வேகவிட்டுப் பாருங்கள். கேட்டு வந்தவர் மறுநாளும் வருவார். பட்டியலில் "தோட்டத்துப் பன்றி மிளகுப் பிரட்டல்" என்று உண்மையையே எழுதி விற்கலாம். முயல், காடை வைத்திருந்தால் வாங்கிய பண்ணையின் பில்லையும் எடுத்து வைத்திருங்கள். காட்டு முயலா என்று யாராவது கேட்டால் காட்டலாம்.

கடை ஓடத் தொடங்கிய பிறகு

போயா (பௌர்ணமி) தினங்களில் இறைச்சிக் கடையும் கொல்களமும் மூடியிருக்க வேண்டும். வெசாக் காலத்தில் கூடுதல் நாட்கள் மூடச் சொல்லி அறிவித்தல் வரும். பின்கதவால் கொடுப்பதும் விற்பனைதான். போயாவுக்கு முதல் நாள் கூட்டம் இரட்டிப்பாகும், அதற்கேற்ற சரக்கு வையுங்கள்.

தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். விலைப் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு ஒரு முறைப்பாடு போனால் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

அனுமதிப்பத்திரங்கள் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். நீங்கள் ஒக்டோபரில் எடுத்திருந்தாலும் அதே கதைதான். ஆகவே வருடக் கடைசியில் தொடங்குபவர்கள், இரண்டு மாதத்துக்காகக் காசு கட்டுவதா, ஜனவரிக்குக் காத்திருப்பதா என்று சபை எழுதுவினைஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். புதுப்பிக்க நவம்பரிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டால் பி.எச்.ஐ. பரிசோதனைக்கு நேரம் கிடைக்கும். கடையில் ஒரு பைலை வைத்துக்கொள்ளுங்கள்: பெயர்ப் பதிவு, சபை அனுமதிப்பத்திரம், ஊழியர் மருத்துவச் சான்றிதழ், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, கால்நடை வைத்தியர் சான்றிதழ், வாங்கிய பில்கள். அனுமதிப்பத்திரத்தைப் பைலுக்குள் ஒளிக்காமல் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள், அதன் பிரதியைப் பைலில் வையுங்கள். கரண்ட் பில் பழைய முதலாளி பெயரில் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு வருபவர்கள் சில வேளை அதையும் கேட்பார்கள்.